நிலக்கரியின் அமைப்பை வேதிவினையால் படிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நிலக்கரி முழுதாகக் கரையாது, ஆவியாகாது, படிகமாகவும் ஆகாது. அதனால் அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் தொடும் வினை ஒன்றை நடத்தி, என்ன மாறியது என்று பார்க்கிறோம். ஹைட்ராக்சிலை (-OH தொகுதியை) மெத்தில் ஏற்றி எண்ணுவது, அசிட்டைல் ஏற்றி எண்ணுவது, பேரியம் மாற்றி அமிலத்தை அளப்பது, ருத்தேனியத்தால் அரோமாட்டிக் வளையத்தை எரித்துவிட்டு மீதமிருக்கும் சங்கிலிகளைப் பார்ப்பது, எல்லாம் அந்த வகைதான்.

பல வருடமாக மாணவர்களின் குடுவைகளில் நான் சரிசெய்து வருவது ஏறக்குறைய ஒரே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முடியும்: கரி எதையோ விழுங்கி வைத்திருக்கும், நாம் அதைக் கரியின் அமைப்பு என்று படித்திருப்போம். கரைப்பான், உப்பு, காற்று என்று உள்ளே போன எதையும் கரி எளிதில் விடாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் பார்க்கத் தொடங்குமுன் மூன்று சீசாக்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, தொடாத உலர்ந்த கரி. இரண்டாவது, வினைப்பொருள் மட்டும் சேர்க்காமல் மற்ற எல்லாக் கரைப்பான்களையும் கழுவல்களையும் தாண்டி வந்த கரி. மூன்றாவது, கரியே இல்லாமல் நடத்திய பிளாங்க். இவை இல்லையென்றால் கீழே உள்ள சோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது. முதலில் அவற்றைச் செய்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 1: மெத்தில் ஏற்றிய பிறகு எடை கணக்குக்கு மேல் கூடுகிறது

1979-இல் லியோட்டா வெளியிட்ட முறையைத்தான் பெரும்பாலானோர் பின்பற்றுகிறோம். கரியை டெட்ராஹைட்ரோஃபியூரானில் கலக்கி, டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமில ஹைட்ராக்சில்களை அயனியாக்கி, பிறகு மெத்தில் அயோடைடு விடுவது. ஒரு ஹைட்ரஜன் போய் ஒரு மெத்தில் வந்தால் நிறை 14 கூடும். ஒரு கிராம் கரியில் 3 மில்லிமோல் ஹைட்ராக்சில் இருந்தால் 42 மில்லிகிராம் கூட வேண்டும். உங்கள் தராசு 90 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

### மறுபடி உலர்த்தினால் எடை இறங்குகிறதா?

செலவே இல்லாத சோதனை இது. வேக்யூம் ஓவனில் வைத்து, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடை போடுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் அது கரைப்பான். டெட்ராஹைட்ரோஃபியூரான் கரியின் நுண்துளைகளுக்குள் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கிராமில் 10 மில்லிகிராம் தங்கினாலே 0.7 மில்லிமோல் ஹைட்ராக்சில் அதிகமாக இருப்பதுபோலத் தெரியும். மெத்தனாலில் ஊறவைத்து வடித்துவிட்டு உலர்த்தினால் சீக்கிரம் வெளியேறும். அவசரப்பட்டு காற்று ஓவனில் 105 டிகிரியில் வைக்காதீர்கள். கரைப்பான் போகும், ஆனால் ஆக்சிஜன் ஏறும். குறிப்பாக லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) மிக எளிதாக ஆக்சிஜனேற்றம் ஆகும்.

### எடை இறங்கவில்லை. கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் மஞ்சள் வீழ்படிவு வருகிறதா?

வந்தால் அயோடைடு இன்னும் இருக்கிறது, கழுவல் முடியவில்லை என்று பொருள். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் அயோடைடு குளிர்ந்த வெறும் நீரில் அவ்வளவாகக் கரையாது. நீரும் மெத்தனாலும் கலந்து, இளஞ்சூட்டில், வீழ்படிவு வருவது நிற்கும் வரைக்கும் கழுவுங்கள். நாலு முறை போதும் என்று நினைப்பவர்கள் பத்து முறை கழுவ வேண்டியிருக்கும். நான் எண்ணிக்கையை நம்புவதில்லை, வெள்ளி நைட்ரேட்டைத்தான் நம்புகிறேன்.

### மஞ்சள் வரவில்லை. ஆனாலும் எடை கூடுதலாகவே இருக்கிறது

இதுதான் எல்லோரையும் ஏமாற்றும் கட்டம். அயோடைடு முழுதாகப் போயிருக்கும், ஆனால் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் அயனி போகாமல் உள்ளே இருக்கும். மெத்தில் அயோடைடு எட்டாத இடத்தில் ஃபீனாக்சைடு அயனி (ஹைட்ரஜனை இழந்த ஹைட்ராக்சில்) அப்படியே நிற்கிறது, அதற்குத் துணையாக இந்தப் பெரிய நேர் அயனி பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வெள்ளி நைட்ரேட்டுக்கு அது தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அயனியின் நிறை 242. ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் அது நின்றால் கூடுவது 241, அதாவது 17 மெத்திலுக்குச் சமம். ஒரு கிராமில் 0.1 மில்லிமோல் தங்கினாலே 24 மில்லிகிராம் ஏறும். அதை நாம் 1.7 மில்லிமோல் ஹைட்ராக்சில் என்று எழுதிக்கொள்வோம். உண்மையில் அந்த 0.1 மில்லிமோல் வினைபுரியாமல் போன ஹைட்ராக்சில். விடை தப்புவதோடு நிற்கவில்லை, தப்பு எதிர்த் திசையில் போகிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. அகச்சிவப்பு நிறமாலையில் (இங்கே எல்லா எண்களும் அலையெண், செ.மீ⁻¹) 2960, 2870 அருகே மெத்தில், மெத்திலீன் பட்டைகள் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். மெத்தாக்சி மட்டும் ஏறியிருந்தால் அவ்வளவு தடிக்காது. அப்புறம் நைட்ரஜன் அளவு. 0.1 மில்லிமோல் தங்கினால் நைட்ரஜன் 0.14 சதவீதம் கூடும். பிட்டுமினஸ் கரியில் (லிக்னைட்டை விட முதிர்ந்த கரி) ஏற்கெனவே ஒன்றிரண்டு சதவீத நைட்ரஜன் இருப்பதால், ஒரே ஒரு அளவீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. தொடாத கரியையும் வினை முடிந்த கரியையும் ஒரே நாளில், ஒரே கருவியில், மூன்று முறை வீதம் ஓட்டச் சொல்லுங்கள்.

சரிசெய்வது எளிது. நீரில் கலந்த குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரியை ஒரு மணி நேரம் கலக்கி, பிறகு நீர்-மெத்தனாலில் மறுபடி கழுவுங்கள். அம்மோனியம் அயனி வெளியேறும், வினைபுரியாத ஹைட்ராக்சில் ஹைட்ராக்சிலாகவே திரும்பி நிற்கும். அமிலத்தை மெத்தனாலிலேயே கலந்து சூடாக்கக் கூடாது. கார்பாக்சில் (அமிலத் தொகுதி) உள்ள கரியில் அது புதிதாக எஸ்டர் செய்துவிடும். நெய்வேலி லிக்னைட்டில் ஒரு மாணவி மூன்று வாரம் போராடிய கோளாறு கடைசியில் இதுதான் என்று தெரிந்தது. கழுவலிலேயே மெத்தில் ஏறியிருந்தது.

வினையை வேகப்படுத்தச் சூடாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலிணைய அம்மோனியம் ஹைட்ராக்சைடு சூட்டில் உடைந்து டிரைபியூட்டைல் அமீனையும் பியூட்டீனையும் தரும். அந்த அமீனும் கரிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பநிலையே போதும், நேரத்தைக் கூட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எடையும் நைட்ரஜனும் இறங்கவில்லையென்றால் எடைக் கணக்கை விட்டுவிடுங்கள். கார்பன்-13 செறிவூட்டிய மெத்தில் அயோடைடு வாங்கி, திடநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மையத்தை அணுகும் நேரம் அது. செலவு அதிகம்தான். ஆனால் ஏறியது எது, தங்கியது எது என்று அது பிரித்துக் காட்டும். எஸ்டர் மெத்தில் 51 பிபிஎம் சுற்றியும், சாதாரண ஃபீனால் ஈதர் 56 சுற்றியும், இருபுறமும் நெருக்கப்பட்ட ஃபீனாலின் ஈதர் 60 சுற்றியும் வரும். இதைத் தனியாக அலசப் போகாதீர்கள். செறிவூட்டிய மாதிரியை எப்படி அளவிட வேண்டும் என்று அந்த மையத்தில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு மாதிரியைக் கொடுங்கள்.

## அறிகுறி 2: வினை முடிந்தும் அகச்சிவப்பில் 3400 பட்டை (ஹைட்ராக்சில்) மறையவில்லை

முதலில் வெறும் பொட்டாசியம் புரோமைடு வில்லை ஒன்றை ஓட்டுங்கள். 3440 அருகே மேடு, 1630 அருகே இன்னொன்று வந்தால் அது ஈரம். சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் இந்தச் சோதனையை விட்டுவிட்டு மேலே போவதில் பொருளே இல்லை. வில்லையை வேக்யூமில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

ஈரம் இல்லையென்றால் பட்டையின் வடிவத்தைப் பாருங்கள். 3695, 3620 என்ற இடங்களில் கூர்மையான இரட்டை முனைகள் இருந்தால் அது கரியின் ஹைட்ராக்சில் அல்ல, கயோலினைட் களிமண். 1030 பக்கம் வலுவான பட்டை அதை உறுதிசெய்யும். களிமண்ணின் ஹைட்ராக்சிலுக்கு மெத்தில் ஏறாது, அது மறையவும் மறையாது. தாதுக்களை நீக்கிய கரியில் தொடங்கியிருக்க வேண்டும். இப்போது அதற்கு வழியில்லையென்றால், தொடாத கரியின் நிறமாலையோடு கழித்துப் பார்த்து, அகன்ற பட்டையில் வந்த மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டை அகலமாக, மேடாகவே நிற்கிறதென்றால் வினை முழுமையடையவில்லை. மெத்தில் அயோடைடு சீசாவைப் பாருங்கள். வெளிச்சம் பட்டு பழுப்பாகியிருந்தால் அயோடின் பிரிந்திருக்கிறது, புதிதாக வடித்தெடுங்கள் அல்லது புதியது வாங்குங்கள். அடுத்து அளவு. கரியின் ஹைட்ராக்சிலுக்குத் தேவையான அளவை மட்டும் கணக்கிட்டு விடுகிறார்கள். ஆனால் சேர்த்த ஹைட்ராக்சைடும் மெத்தில் அயோடைடைத் தின்று மெத்தனாலாக்கும். ஆகவே காரத்தின் மோல் கணக்கை விட மெத்தில் அயோடைடு தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். இது 42 டிகிரியில் கொதிக்கும் நச்சுப்பொருள். ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே சீசாவைத் திறக்கவே கூடாது.

அளவும் சரி என்றால் நேரமும் துகளளவும்தான் மிச்சம். 100 மெஷ் சல்லடையைத் தாண்டும்படி அரைத்து, காரத்தோடு ஓர் இரவு வீங்க விட்டு, அயோடைடு சேர்த்து இரண்டு நாள் கலக்குங்கள். வினை முடிந்த கரியையே மறுபடி ஒருமுறை அதே வினைக்கு உட்படுத்துங்கள். இரண்டாம் சுற்றில் எதுவும் மாறவில்லையென்றால் வினை போகக்கூடிய தூரம் வரை போய்விட்டது. மீதி ஹைட்ராக்சில் அணுக முடியாத இடத்தில் இருக்கிறது. அதுவும் கரியின் அமைப்பைப் பற்றிய தகவல்தான். தோல்வி என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் அப்படியே எழுதி வையுங்கள்.

## அறிகுறி 3: அசிட்டைல் கணக்கும் மெத்தில் கணக்கும் ஒத்துப்போகவில்லை

மெத்தில் முறை ஃபீனாலையும் கார்பாக்சிலையும் சேர்த்து எண்ணும். அசிட்டிக் அன்ஹைட்ரைடும் பிரிடினும் கொண்ட முறை ஃபீனாலையும் ஆல்கஹாலையும் எண்ணும். ஆகவே எந்தப் பக்கம் வித்தியாசம் என்பதுதான் முதல் கேள்வி.

மெத்தில் கணக்கு அதிகம், கரி லிக்னைட் என்றால் கோளாறே இல்லாமல் இருக்கலாம். வித்தியாசம் கார்பாக்சில் அளவோடு பொருந்துகிறதா என்று பேரியம் முறையில் (அறிகுறி 4) சரிபாருங்கள். அதே வித்தியாசம் கார்பாக்சில் ஏறக்குறைய இல்லாத முதிர்ந்த பிட்டுமினஸ் கரியில் வந்தால் அறிகுறி 1-க்குத் திரும்பிப் போங்கள்.

அசிட்டைல் கணக்கு அதிகம் என்றால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

பிரிடின் தங்கியிருப்பது முதல் காரணம். ஹைட்ராக்சிலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் அது இறுக்கமாக நிற்கும். மூக்குக்கு நாற்றம் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும். இரண்டு சதவீதம் தங்கினால் நைட்ரஜன் 0.35 சதவீதம் ஏறும், இது அளவிடக் கூடிய ஏற்றம். நீர்த்த அமிலத்தில் கழுவி, நீரில் கழுவி, வேக்யூமில் உலர்த்துங்கள். எடையை நம்பாமல், ஏறிய அசிட்டைலைக் காரத்தில் பிரித்து, வெளிவரும் அசிட்டிக் அமிலத்தை டைட்ரேட் செய்வது இன்னும் நல்லது. 1957-இல் பிளோம், எடெல்ஹௌசன், வான் கிரெவலென் மூவரும் ஆக்சிஜன் தொகுதிகளைக் கணக்கிட்ட காலத்திலிருந்தே அசிட்டைல் முறை நிலக்கரியில் புழங்குகிறது.

அடுத்தது கார்பாக்சிலில் கலப்பு அன்ஹைட்ரைடு உருவாகியிருப்பது. லிக்னைட்டில் இது சாதாரணம். வினை முடிந்தபின் நீரோடு இளஞ்சூட்டில் சில மணி நேரம் கலக்கினால் உடைந்துவிடும். 1800-க்கு மேல் ஒரு கார்பனைல் பட்டை இருந்து, நீரில் கலக்கிய பிறகு காணாமல் போனால் உறுதி.

மூன்றாவது, நீங்கள் எண்ணுவது ஃபீனால் மட்டும் அல்ல என்பது. ஃபீனால் எஸ்டர் 1770 அருகில், ஆல்கஹால் எஸ்டர் 1740 அருகில், நைட்ரஜனில் ஏறிய அசிட்டைல் 1680 அருகில் வரும். மூன்றையும் பிரித்துப் பாருங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து நிற்பதால், வளைவுப் பொருத்தும் மென்பொருளில் எத்தனை முனைகளை வேண்டுமானாலும் செருகி அழகாகப் பொருத்திவிடலாம். அப்படிப் பொருத்திய எண்ணை வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வராது. பிரித்தெடுத்த அசிட்டிக் அமிலத்தின் மொத்தத்தோடு அது ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

## அறிகுறி 4: லிக்னைட்டின் அமில அளவு ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது

பேரியம் அசிடேட்டில், பிஹெச் 8.3 சுற்றி, கார்பாக்சிலை அளக்கிறோம். பேரியம் ஹைட்ராக்சைடில், பிஹெச் 12.6 சுற்றி, மொத்த அமிலத்தை அளக்கிறோம். கார்பாக்சில் குறைவாக வருகிறதா, மொத்தம் அதிகமாக வருகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

குறைவாக வந்தால், லிக்னைட்டை அமிலத்தில் கழுவினீர்களா? கார்பாக்சில்களில் ஒரு பகுதி கால்சியம், மக்னீசியம் உப்பாக இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, குளோரைடு போகும்வரை நீரில் அலசிய பிறகுதான் அவை எண்ணிக்கையில் சேரும். இன்னொன்றும் உண்டு. நெய்வேலி லிக்னைட் வெட்டியெடுக்கும்போது ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான். அதை முழுக்க உலர்த்தினால் துளைகள் சுருங்கி அடைத்துக்கொள்ளும், பேரியம் உள்ளே போகாது. ஈரத்தோடேயே வினையில் வைத்து, ஈரப்பதத்தைத் தனி மாதிரியில் அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் அதிகமாக வந்தால் சந்தேகப்பட வேண்டியது காற்றிலுள்ள கரியமில வாயு. பேரியம் ஹைட்ராக்சைடு அதை இழுத்து வெள்ளைக் கார்பனேட்டாக வீழ்படியும். அது கரியோடு வடிதாளில் தங்கி, கரி பேரியத்தை எடுத்துக்கொண்டது என்று காட்டும். கரியில்லாத பிளாங்க் குடுவையின் அடியில் வெண்படிவு இருக்கிறதா? வடித்த கரியில் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் நுரைக்கிறதா? ஆம் என்றால் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துங்கள், குடுவையை நைட்ரஜனில் மூடுங்கள், வடிப்பதையும் நைட்ரஜனுக்குக் கீழே செய்யுங்கள். இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை. ஒரு பலூனும் ரப்பர் குழாயும் போதும்.

## அறிகுறி 5: ருத்தேனியம் ஆக்சிஜனேற்றத்தில் மஞ்சள் நிறம் போய்க் கறுப்பு படிகிறது

1983-இல் லியான் ஸ்டாக்கும் ட்சேயும் இல்லினாய்ஸ் 6-ஆம் எண் கரியில் காட்டிய முறை இது. ருத்தேனியம் டெட்ராக்சைடு அரோமாட்டிக் கார்பனைப் பெரும்பாலும் கரியமில வாயுவாக எரித்துவிடும், அதோடு ஒட்டியிருந்த அலிஃபாட்டிக் சங்கிலியை அமிலமாக மிச்சம் வைக்கும். கரைப்பான் அடுக்கு மஞ்சளாக இருக்கும்வரை வினை உயிரோடு இருக்கிறது. கறுப்பு படிந்தால் ருத்தேனியம் டையாக்சைடாக இறங்கிவிட்டது.

முதலில் கலக்கியைப் பாருங்கள். ருத்தேனியத்தை மறுபடி டெட்ராக்சைடாக்கும் பெராயோடேட் செலவாகி வரும் வெள்ளை அயோடேட் அடியில் கட்டியாகி, காந்தத் துண்டு சுற்றாமல் நின்றிருக்கும். இரண்டு அடுக்கும் ஒன்றாகிப் பால்போல ஆகும் அளவுக்குக் கலக்க வேண்டும். பெரிய அளவென்றால் மேலிருந்து சுற்றும் இயந்திரக் கலக்கி வையுங்கள்.

அடுத்து அசிட்டோநைட்ரைல். கரைப்பான் கலவை கார்பன் டெட்ராகுளோரைடு 2, அசிட்டோநைட்ரைல் 2, நீர் 3 என்ற விகிதம். 1981-இல் ஷார்ப்லெஸ் குழு சேர்த்த மாற்றம் அந்த அசிட்டோநைட்ரைல்தான். அது இல்லையென்றால் உருவாகும் கார்பாக்சிலேட்டுகள் ருத்தேனியத்தைப் பிடித்து முடக்கிவிடும். நிலக்கரியில் உருவாவதெல்லாம் கார்பாக்சிலேட்டுகள் என்பதால் இங்கே அதை விடவே முடியாது.

மூன்றாவது பெராயோடேட். ஒரு கிராம் கரியில் 0.8 கிராம் கார்பன் என்றால் அது 67 மில்லிமோல். அத்தனையும் கரியமில வாயுவாக வேண்டுமென்றால் கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் வீதம் 134 மில்லிமோல் பெராயோடேட், அதாவது ஏறத்தாழ 29 கிராம் சோடியம் பெராயோடேட். அலிஃபாட்டிக் பகுதி அமிலமாகத் தங்கிவிடுவதால் நடைமுறையில் 20 கிராம் அளவில் தொடங்கலாம். பாடப்புத்தகச் செய்முறையில் ஒரு சிறு மூலக்கூறுக்குப் போடும் நாலு மடங்குக் கணக்கை அப்படியே கரிக்குப் போட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். இன்னும் 5 கிராம் சேர்த்துப் பாருங்கள். மஞ்சள் திரும்பினால் காரணம் அதுதான்.

பெராயோடேட் போதுமான அளவு இருந்தும் தீர்கிறதென்றால் கரியில் பைரைட் இருக்கலாம். அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். பைரைட்டைப் போக்க நைட்ரிக் அமிலத்தை மட்டும் தொடாதீர்கள். அது கரியையே ஆக்சிஜனேற்றி நைட்ரோ ஏற்றிவிடும். கனமான திரவத்தில் மிதக்கவிட்டுப் பிரிப்பதுதான் பாதுகாப்பு.

இந்த வினையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ருத்தேனியம் டெட்ராக்சைடு 40 டிகிரியில் கொதிக்கும், ஆவி கண்ணைக் கெடுக்கும். ஹூட்டின் இழுவை குறைவாக இருந்தாலோ, வெளியேறும் குழாயில் கறுப்புப் படலம் தெரிந்தாலோ, ஐசோபுரோப்பனால் விட்டு வினையை அணைத்துவிட்டு ஆய்வகப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி 6: சக்சினிக் அமிலம் அல்லது அசிட்டிக் அமிலம் நம்ப முடியாத அளவுக்கு வருகிறது

சக்சினிக் அமிலம் வந்தால் இரண்டு வளையங்களுக்கு நடுவே இரண்டு மெத்திலீன் இருந்தது என்று படிக்கிறோம். குளுட்டாரிக் வந்தால் மூன்று. அசிட்டிக் வந்தால் வளையத்தில் ஒட்டிய மெத்தில். இந்த அழகான வாசிப்பு முழுவதும் கரி சுத்தமாக இருந்ததா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வினைக்கு முன் கரியை டெட்ராஹைட்ரோஃபியூரானில் சாறெடுத்தீர்களா? அது கரிக்குள் தங்கியிருந்தால் ருத்தேனியம் அதைப் பியூட்டைரோலாக்டோனாகவும், அதிலிருந்து சக்சினிக் அமிலமாகவும் மாற்றும். ஆய்வேட்டில் “இந்தக் கரியில் எத்திலீன் பாலங்கள் மிகுதி” என்று எழுத இருந்த ஒருவரின் மாதிரியை மெத்தனாலில் ஊறவைத்து உலர்த்தி மறுபடி ஓட்டியபோது சக்சினிக் பாதிக்கும் கீழே இறங்கியது. டொலுயீன் தங்கினாலும், எத்தனால் தங்கினாலும் அசிட்டிக் அமிலம். எனவே வினைக்கு முந்திய கடைசிக் கழுவல் எந்தக் கரைப்பான் என்பதைக் குறிப்பேட்டில் எழுதாமல் இந்த வினையைத் தொடங்காதீர்கள்.

அசிட்டிக் அமிலம் மட்டும் அதிகமென்றால் கரியில்லாத பிளாங்க்கைப் பாருங்கள். அதிலும் வந்தால் கரைப்பானிலிருந்து வருகிறது. மான்ட்ரியல் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டால் கார்பன் டெட்ராகுளோரைடு கிடைப்பது கடினமாகிவிட்டது. அதனால் சிலர் எத்தில் அசிடேட்டுக்கு மாறுகிறார்கள். மற்ற வினைகளுக்கு அது பரவாயில்லை. இங்கே அது நீராற்பகுத்து, நாம் அளக்க வந்த அதே அசிட்டிக் அமிலத்தைத் தரும். டைகுளோரோமீத்தேன் போட்டுப் பிளாங்க் ஓட்டிப் பாருங்கள்.

பிளாங்க் சுத்தம், கரைப்பானும் இல்லை, இருந்தும் அளவு அதிகம் என்றால் ஒருவேளை உங்கள் கரி அப்படித்தான். கார்பன்-13 என்எம்ஆரில் 20 பிபிஎம் பக்கம் மெத்தில் கார்பன் எவ்வளவு என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

அமிலங்களை எஸ்டராக்க டயசோமீத்தேன் செய்ய வேண்டுமென்று பழைய கட்டுரைகளில் இருக்கும். அது வெடிக்கும், நச்சும்கூட. பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்காமல் அதைத் தயாரிக்கவே கூடாது. போரான் டிரைஃபுளோரைடு-மெத்தனால் போதும்.

## அறிகுறி 7: கார்பன் கணக்கு 100-ஐ எட்டவில்லை

ருத்தேனியம் வினையில் வந்த ஆவியாகும் அமிலங்களை நீங்களே ஆவியாக்கி விட்டிருப்பீர்கள். நீர் அடுக்கைச் சுண்டவைக்கும் முன் காரமாக்குங்கள், அசிட்டிக்கும் புரோப்பியானிக்கும் உப்பாகித் தங்கும். அப்புறம் கரியமில வாயுவைப் பிடித்தீர்களா என்று பாருங்கள். அரோமாட்டிக் கார்பனில் பெரும்பகுதி அதில்தான் போகிறது. அந்த வாயுவைப் பிடிக்கும் பொறியின் எடையை வினைக்கு முன்னும் பின்னும் போட்டிருக்க வேண்டும். கணக்கு 100-க்கு மேல் போனால் அறிகுறி 6-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 8: சாற்றில் கரியில் இருக்கவே முடியாத ஒரு பெரிய முனை

ஜிசி-எம்எஸ்ஸில் (வாயு நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலை) நிறை 220, முதன்மை முனை 205 என்றால் அது டெட்ராஹைட்ரோஃபியூரானில் நிலைப்படுத்தியாகச் சேர்க்கும் பிஹெச்டி (BHT, பியூட்டைல் ஏற்றிய ஹைட்ராக்சி டொலுயீன்). 250 பிபிஎம் என்பது சின்ன அளவாகத் தோன்றும். ஆனால் சாக்ஸ்லெட் சாறெடுப்பானில் 500 மில்லிலிட்டர், அதாவது 445 கிராம் கரைப்பானைச் சுண்டவைத்தால் 110 மில்லிகிராம் மிஞ்சும். ஒரு கிராம் கரியின் சாற்றில் பாதி இதுவாகவே இருக்கலாம். இது ஒரு ஃபீனால் என்பதால் மெத்தில் வினையிலும் பொட்டாசியம் வினையிலும் (அறிகுறி 9) தலையிடும்.

நிலைப்படுத்தி இல்லாததை வாங்கலாம், ஆனால் அதில் பெராக்சைடு சீக்கிரம் சேரும். ஒவ்வொரு முறையும் சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். பழைய புட்டியின் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் திறக்கவோ நகர்த்தவோ வேண்டாம். கழிவு அகற்றும் குழுவைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 9: பொட்டாசியம்-நாஃப்தலீன் வினையில் கரும்பச்சை நிறம் நிற்கவில்லை

ஸ்டெர்ன்பெர்க் 1970-களில் கொண்டுவந்த ஒடுக்க ஆல்கைல் வினை இது: கரிக்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கி, பிறகு பியூட்டைல் போன்ற ஆல்கைலை ஏற்றுவது. கரியைச் சேர்க்கும் முன்பே பச்சை மறைந்தால் கரைப்பானில் ஈரம், ஆக்சிஜன் அல்லது மேலே சொன்ன பிஹெச்டி. கரியைச் சேர்த்த பிறகு மறைந்தால் கரி எலக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது, அது நல்லதுதான். பச்சை நிலைக்கும்வரை பொட்டாசியம் சேருங்கள்.

முடிவில் எடை அதிகமென்றால் கரியில் நாஃப்தலீனும் அதன் பியூட்டைல் வடிவங்களும் கரைப்பானின் துண்டுகளும் சேர்ந்திருக்கும். இவற்றில் சிலது சகபிணைப்பில் சேர்வதால் கழுவினாலும் போகாது. இந்த வினையின் எடைக் கணக்கிலிருந்து நான் எண்ணிக்கை எடுப்பதில்லை, கரைதிறன் எப்படி மாறியது என்பதை மட்டும் எடுக்கிறேன்.

பொட்டாசியத்தின் மேல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பொருக்கு இருந்தால் கத்தியை வைக்காதீர்கள். அது சூப்பராக்சைடு, வெட்டும்போது வெடித்திருக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 10: போன மாதம் வந்த விடை இந்த மாதம் வரவில்லை

கரி மாறிவிட்டது. அகச்சிவப்பில் 1700 பட்டை ஏறி, 2920 இறங்கியிருந்தால் காற்று பட்டிருக்கிறது. கோக்கிங் கரி என்றால் மூசையில் வீங்கும் எண்ணைப் பாருங்கள், ஆக்சிஜனேற்றத்தை அதுவும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் 8 கரிகளை நைட்ரஜனில் அரைத்து, கண்ணாடி ஆம்பூல்களில் உருக்கி மூடி வைத்தது இந்தக் கோளாறுக்காகவே. 100 மெஷ் தூள் ஆம்பூலுக்கு 5 கிராம். நாமும் அதே வழியில் செய்யலாம். அரைத்த அன்றே சின்னச் சின்ன சீசாக்களில் பிரித்து, நைட்ரஜன் நிரப்பி, குளிரில் வையுங்கள். ஒரு வினைக்கு ஒரு சீசா, மிச்சத்தை மறுபடி மூடி வைக்க வேண்டாம்.

சேமிப்பு சரியாக இருந்தும் விடை மாறினால் தாது நீக்கிய முறையைப் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சியத்தை எடுக்காமல் நேராக ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்குப் போனால் கால்சியம் ஃபுளோரைடு உள்ளேயே படிந்துவிடும், சாம்பல் இறங்காது. முதலில் ஹைட்ரோகுளோரிக், பிறகு ஹைட்ரோஃபுளோரிக், மறுபடி ஹைட்ரோகுளோரிக், இதுதான் வரிசை.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கட்டத்தைப் பயிற்சி பெற்றவரோடு மட்டுமே செய்யுங்கள். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, டெஃப்லான் அல்லது பாலிஎத்திலீன்தான். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் மேசையில், கைக்கு எட்டும் தூரத்தில், திறந்து பார்த்த நிலையில் இருக்க வேண்டும். தோலில் பட்டால் வலி உடனே தெரியாமலும் போகலாம். வலிக்கிறதா என்று காத்திருக்காமல் ஓடும் நீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். பட்டது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.